12 இன்ச் உலக உருண்டை: ஒன்றரை வருஷம் உருட்டிப் பாத்துட்டு எழுதற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேனுங்க, இது பார்சல் பிரிச்ச அன்னிக்கே அஞ்சு ஸ்டார் போடற ரிவ்யூ இல்ல. இந்த உருண்டை எங்க வீட்டு டிவி ஸ்டாண்டு மேல ஒன்றரை வருஷமா உக்காந்திருக்கு, ரெண்டு தடவ கீழ விழுந்திருக்கு, ஒரு தடவ முழுசா கழட்டி மாட்டியிருக்கேன், பையன் பால் பாயிண்ட் பேனாவுல பசிபிக் கடல்ல புதுசா ஒரு தீவு வேற போட்டு வெச்சிருக்கான். கம்பெனி பேரு, கடை பேரு எதுவும் போடல. இதே உருண்டை வேற வேற பேருல ஆன்லைன்ல ஓடுது, பேர பாத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல, என்னத்த செக் பண்ணி வாங்கணும்னு தெரிஞ்சா போதும்.

நான் நாமக்கல்ல லாரி புக்கிங் ஆபீஸ்ல இருக்கேன், பதினெட்டு வருஷம் ஆச்சு. இந்தியா மேப்னா தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன், நாக்பூருக்கு எத்தன டோல், எந்த ரூட்டுல மழைக்கு வண்டி மாட்டும், எல்லாம் வாயிலயே இருக்கும். ஆனா கடல் தாண்டிட்டா சைபர். 2021 மார்ச்ல சூயஸ் கால்வாய்ல எவர் கிவன்னு ஒரு 400 மீட்டர் கப்பல் குறுக்கால மாட்டி ஆறு நாள் வழி அடைச்சுச்சே, அப்ப ஆபீசுக்கு வந்த கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர் "ஏனுங்க, ஆப்பிரிக்காவ சுத்திட்டு போனா எவ்ளோ தூரம் கூட வரும்"னு சாதாரணமா கேட்டாரு. லாரின்னா டீசல் கணக்கோட சொல்லியிருப்பேன். அன்னிக்கு திருதிருன்னு முழிச்சேன், அந்த முழிப்புதான் இதுக்கெல்லாம் ஆரம்பம்.

மொதல்ல உருண்டை வாங்கல. பஸ் ஸ்டாண்டு கடைல லேமினேஷன் போட்ட உலக மேப் ஒண்ணு 120 ரூபாக்கு வாங்கி சுவத்துல ஒட்டிட்டு ஸ்கேல வெச்சு அளந்து அளந்து பாத்தேன், ஒண்ணுமே ஒத்து வரல. கிரீன்லாந்து ஆப்பிரிக்கா சைசுக்கு தெரியுது, அதுக்குள்ள ஆறேழு இந்தியாவ அடுக்கலாம் போல இருக்கு. நெசத்துல கிரீன்லாந்து 21 லட்சத்து சொச்சம் சதுர கி.மீ, இந்தியா 32 லட்சத்துக்கும் மேல, நம்மதுதான் ஒன்றரை மடங்கு பெருசு, ஆப்பிரிக்கா கிரீன்லாந்த மாதிரி 14 மடங்கு. என்னடா இது அச்சடிச்சவன் தப்பா அடிச்சுட்டானோன்னு நெனச்சேன். அப்பறம் படிச்சப்பதான் தெரிஞ்சுது, அது 1569ல மெர்கேட்டர்னு ஒருத்தர் கப்பல்காரங்களுக்காக போட்ட முறை. அந்த மேப்புல ரெண்டு துறைமுகத்துக்கு நடுவுல நேர் கோடு ஒண்ணு இழுத்து, அந்த கோடு காட்டற கோணத்த காம்பஸ்ல புடிச்சுட்டு மாறாம போனா ஊரு வந்துரும். கோணம் சரியா இருக்கணும்னு பரப்பளவ விட்டுக்கொடுத்துட்டாரு, துருவத்து பக்கம் போகப்போக எல்லாம் ஊதிப்போயிருக்கு. மாலுமிக்கு அது வரப்பிரசாதம், எனக்கு சுவத்துல ஒட்டுன குழப்பம். உங்க வீட்டு மேப் அந்த ரகமான்னு பாக்க, அட்சக்கோடுங்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளி மேல போகப்போக அகலமாகுதான்னு பாருங்க, ஆச்சுன்னா பெரும்பாலும் அதேதான். போன்ல நாம ஊரு தேடற மேப்பும் அந்த வம்சம்தான், தெருவ பாக்கறதுக்கு அது போதும், கண்டத்த பாக்கறதுக்கு ஆகாது.

அதனால உருண்டை. 1,850 ரூபா, 12 இன்ச் விட்டம், உள்ள லைட் எரியும், பிளாஸ்டிக் ஸ்டாண்டு. மொதல்ல வந்தது சைபீரியா பக்கம் சப்பையா நசுங்கி வந்துச்சு, திருப்பி அனுப்பினேன். பத்து நாள் இழுத்தடிச்சு வேற ஒண்ணு அனுப்பினாங்க, போன்ல பேசுன தம்பி "சார் குளோப் ரவுண்டா இருந்தா அக்செப்ட் பண்ணிக்கோங்க"ன்னாரு, அவரு மேல கோவம் கூட வரல. ரெண்டாவது வந்தது ரவுண்டாதான் இருந்துச்சு, ஆனா அதுல வேற பிரச்சனை.

இத கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும். மேல் பாதி தனி, கீழ் பாதி தனி, ரெண்டையும் நிலநடுக்கோட்டுல ஒட்டி மேல ஒரு மெல்லிசு டேப் சுத்தியிருக்காங்க. என்னோடதுல கீழ் பாதி 2 மி.மீ கிழக்கால தள்ளி ஒட்டியிருக்கு. ரெண்டு மில்லிமீட்டர்தானேன்னு இருக்கும், ஆனா 12 இன்ச் உருண்டைல ஒரு மி.மீங்கறது ஏறக்குறைய 42 கி.மீ, அப்ப 84 கி.மீ பிசகு. சுமத்ரா இடுப்புல உடைஞ்சு நிக்குது, போர்னியோ ரெண்டு படியா இருக்கு, காங்கோ ஆறு நிலநடுக்கோட்ட ரெண்டு தடவ தாண்டற ஆறு, அது ரெண்டு எடத்துலயும் அறுந்து போய் கிடக்கு. இதுக்கும் திருப்பி அனுப்ப எனக்கு தெம்பு இல்ல, வெச்சுக்கிட்டேன். நீங்க கடைல நேர்ல வாங்கறதா இருந்தா மொதல்ல பாக்க வேண்டிய எடம் இதுதான், விக்டோரியா ஏரியும் சுமத்ராவும் ஒட்டுல சேருதான்னு பாத்துட்டு காசு குடுங்க.

ராத்திரி லைட் போட்டா இன்னொண்ணு தெரியும். துருவத்துல இருந்து நிலநடுக்கோடு வரைக்கும் 30 டிகிரிக்கு ஒண்ணா மெல்லிசா தையல் போட்ட மாதிரி கோடு ஓடும், எண்ணிப் பாத்தா 12. தட்டை அட்டைல பூ இதழ் மாதிரி வெட்டி அழுத்தி கிண்ணமா ஆக்கறாங்க, அந்த இதழ் சேர்ற எடந்தான் அந்த கோடு. இந்த 12 துண்டு வேலை ஐந்நூறு வருஷ பழசு. 1507ல வால்ட்சீமுல்லர்ங்கற ஜெர்மன்காரர் பெரிய சுவர் மேப்போட சேத்து, வெட்டி உருண்டைல ஒட்டிக்கற மாதிரி 12 துண்டும் அச்சடிச்சாரு, அமெரிக்காங்கற பேரு மொதமொதல்ல மேப்புல ஏறுனது அங்கதான். அந்த சுவர் மேப்ல ஒரே ஒரு பிரதிதான் மிச்சம், 2003ல அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒரு கோடி டாலர் குடுத்து வாங்கி வெச்சிருக்கு. அதுக்கும் முன்னாடி 1492ல நூரம்பர்க்ல மார்ட்டின் பெஹைம் செஞ்ச உருண்டை இன்னும் இருக்கு, இன்னிக்கு கைல இருக்கற உலக உருண்டைங்கள்ல அதுதான் ரொம்ப பழசு. அதுல ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவுல வெறும் கடலும் தீவுங்களும்தான், அமெரிக்காவே கிடையாது, அதே வருஷந்தான் கொலம்பஸ் கெளம்புனாரு. ராத்திரி பதினோரு மணிக்கு லைட்ட போட்டு இந்த தையல எண்ணிட்டு இருந்தேன், வீட்டுக்காரம்மா எந்திரிச்சு வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போய் படுத்துக்கிட்டாங்க.

அடுத்தது பெட்டி மேல போட்டிருக்கற வருஷத்த நம்பாதீங்க. என்னோடதுல பெட்டில புதுப் பதிப்புன்னு ஸ்டிக்கர், உள்ள பாத்தா தெற்கு சூடான் தனியா இருக்கு, அது 2011 ஜூலைல பிரிஞ்சுது, சரி. ஆனா சுவாசிலாந்துன்னே போட்டிருக்கு, அது 2018ல எஸ்வாட்டினி ஆயிருச்சு. மாசிடோனியாவுக்கு முன்னாடி வடக்குங்கற வார்த்தை இல்ல, அது 2019ல சேந்தது. அப்ப 2011க்கும் 2018க்கும் நடுவுல போட்ட ஃபைல வெச்சு இன்னிக்கு வரைக்கும் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. மொத நாள் இதுக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு, ஆனா இந்த துப்பறியற வேலைலதான் நான் ஆப்பிரிக்காவே கத்துக்கிட்டேன். பழைய புத்தகக் கடைல எங்கயாவது அட்லஸ் கிடைச்சா இப்ப இதுதான் வேலை, சோவியத் யூனியன் முழுசா இருந்தா 1991க்கு முன்னாடி, செர்பியாவும் மாண்டினீக்ரோவும் ஒண்ணா இருந்தா 2006க்கு முன்னாடி, கிழக்கு திமோர் தனி நாடா இருந்தா 2002க்கு அப்பறம். நாடும் தலைநகரும் லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணி பாத்தேன், ஒரு வாரத்துல மறந்து போச்சு, இப்பிடி கத்துக்கிட்டது மட்டும் அப்பிடியே நிக்குது.

கிரீன்லாந்து விஷயத்த கண்ணால பாத்துரலாம்னு பட்டர் பேப்பர உருண்டை மேல வெச்சு இந்தியாவ டிரேஸ் எடுக்கப் போனேன். காஷ்மீர் பக்கம் சரியா ஒக்காந்தா கன்னியாகுமரி பக்கம் தூக்குது, ரெண்டையும் அமுக்குனா நடுவுல சுருக்கம் விழுது. இந்த சுருக்கம் இல்லாம உருண்டைய தட்டையாக்கவே முடியாதுன்னு 1827ல காஸ்ங்கற ஜெர்மன் கணித மேதை கணக்கு போட்டே நிரூபிச்சுட்டாரு. நாமக்கல்காரனுக்கு இது புரியறதுக்கு காஸ் தேவையில்ல, வேகவெச்ச முட்டை ஓட்ட பெரிய சில்லா உரிச்சு பெரட்டி போட்டு கட்டைவிரலால அமுக்குனா படபடன்னு விரிசல் விடும். உலக மேப் போடறவன் அத்தன பேரும் விரிசல் எங்க விடணும்னுதான் யோசிக்கறான், சிலர் கடல்ல விடறாங்க, மெர்கேட்டர் துருவத்துல தள்ளிவிட்டாரு. எப்பிடியோ சுருக்கத்தோட டிரேஸ் எடுத்து கிரீன்லாந்து மேல வெச்சேன், கிரீன்லாந்து மறைஞ்சு போய் மிச்சமும் தொங்குச்சு.

சரி, கோழிப்பண்ணைக்காரர் கேள்விக்கு வருவோம். தையல் நூலுதான் இதுக்கு சாமான். ஒரு செ.மீ நூலு ஏறக்குறைய 420 கி.மீ. தூத்துக்குடில இருந்து சூயஸ் வழியா ராட்டர்டாம் வரைக்கும் கடலோட வளைஞ்சு வளைஞ்சு நூல வெச்சு அளந்தேன், அப்பறம் நன்னம்பிக்கை முனை சுத்தி அளந்தேன், நூலு 16, 17 செ.மீ கூட வந்துச்சு. அதாவது கிட்டத்தட்ட 7,000 கி.மீ, கன்னியாகுமரில இருந்து ஸ்ரீநகருக்கு லோடு எறக்கிட்டு திரும்பி வர்ற தூரம். 1869ல அந்த கால்வாய் தெறந்ததுக்கு ஏன் அவ்ளோ கூத்துன்னு அப்பதான் புரிஞ்சுது. அவருகிட்ட போன் பண்ணி சொன்னேன், அவருக்கு கேட்டதே ஞாபகம் இல்ல.

நூலு வேலைல இன்னொரு ஐட்டம், துபாய் டூ லாஸ் ஏஞ்சல்ஸ். சுவர் மேப்புல ரெண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துல இருக்கறதால அட்லாண்டிக் வழியா நேரா மேக்கால போனா போதும்னு தோணும். உருண்டைல அந்த வழில நூல வெச்சா 40 செ.மீ. அதே நூல ரெண்டு ஊர்லயும் விரல வெச்சு இழுத்து விடுங்க, அது வழுக்கிக்கிட்டு போய் ஈரான், ரஷ்யா, வட துருவத்துக்கு பக்கம், கனடான்னு ஒக்காரும், இப்ப 32 செ.மீதான், 13,400 கி.மீ. பிளேன்காரங்க வட துருவத்து பக்கம் ஏன் போறாங்கன்னு எத்தன வீடியோ பாத்தாலும் ஏறாதது இந்த ஒரு இழுப்புல ஏறிருச்சு.

எம்பாஸ்னு மலையெல்லாம் முண்டு முண்டா தூக்கி நிக்கற மாடல் 600 ரூபா ஜாஸ்தி, அது வேண்டாங்க. இந்த சைசுல எவரெஸ்டே 0.2 மி.மீதான் வரும், லேசா சொரசொரப்புதான் தெரியும், முண்டு முண்டா தெரியற மாதிரி இமயமலைய வெச்சா அது நூறு கி.மீ உயர மலைக்கு சமானம். சும்மா இருக்கட்டும்னு இன்னொரு கணக்கும் போட்டேன். விண்வெளி நிலையம் 400 கி.மீ உயரத்துல சுத்துதுன்னா இந்த உருண்டைல இருந்து வெறும் ஒரு செ.மீ, சுண்டுவிரல் அகலம். நிலா 8 செ.மீ பந்து, அது நிக்க வேண்டியது 9 மீட்டர் தள்ளி. பையன ஒரு சாத்துக்குடிய குடுத்து பின்னால போ போன்னு அனுப்பினேன், வாசப்படி தாண்டி ரோட்டுக்கே போயிட்டான்.

ஸ்டாண்டு சாய்வு 23.5 டிகிரின்னு போட்டிருக்காங்க, பாகைமானி வெச்சு பாத்தேன், 23க்கு வந்துச்சு, மன்னிச்சு விட்டுடலாம். வட துருவத்துல ஒரு மணி டயல் இருக்கு, இத நெறைய பேரு அழகுக்குன்னு நெனச்சுக்கறாங்க. பூமி 24 மணி நேரத்துல 360 டிகிரி, அப்ப ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். நம்ம கடிகாரம் ஓடறது 82.5 டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு, நாமக்கல் 78க்கு கொஞ்சம் மேல, அப்ப நம்மூர்ல சூரியன் உச்சிக்கு வர்றது பன்னெண்டுக்கு இல்ல, சராசரியா 17 நிமிஷம் கழிச்சு. இது நெசமான்னு ஏப்ரல் 20 வாக்குல, சூரியன் நேர் தலைக்கு மேல வர்ற நாளா பாத்து, மொட்டை மாடில ஒரு எவர்சில்வர் டம்ளர கவுத்து வெச்சுட்டு ஒக்காந்தேன். 12 மணிக்கு மேக்கால ஒரு கீத்து நிழல் இருந்துச்சு, 12:10க்கு நூலாச்சு, 12:17க்கு டம்ளர சுத்தி ஒரு பக்கமும் நிழல் இல்ல. உள்ளங்கால் வெந்து போச்சு, ஆனா அந்த சந்தோஷத்துக்கு 1,850 தாராளமா குடுக்கலாம். நடுக்கடல்ல கப்பல் எங்க நிக்குதுன்னு இந்த நாலு நிமிஷக் கணக்க போடறதுக்கு நம்பற மாதிரி கடிகாரம் இல்லாமத்தான் கப்பல் கப்பலா பாறைல மோதி போச்சு. 1714ல பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 20,000 பவுன் பரிசுன்னு சட்டமே போட்டுச்சு, ஜான் ஹாரிசன்னு ஒரு தச்சர் வீட்டுப் புள்ள வாழ்நாள் பூரா ஒக்காந்து அந்த கடிகாரத்த செஞ்சாரு.

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச எடம். உருண்டைல 78 டிகிரி கோட்ட தேடி கன்னியாகுமரில இருந்து மேல விரல ஓட்டுனா திண்டுக்கல், நாமக்கல், சேலம், ஹைதராபாத், குவாலியர், ஆக்ரா, டேராடூன்னு எல்லாம் அந்த கோட்டுக்கு மேலயோ பக்கத்துலயோதான் வருது. அட இது நம்ம லாரி ரூட்டாச்சே, NH44தானேன்னு தோணுச்சு. ஏறக்குறைய இதே கோட்டுலதான் இந்தியாவையே அளந்திருக்காங்க. 1802ல பரங்கிமலைல வில்லியம் லாம்ப்டன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சங்கிலி போட்டு ஏழரை மைல் அளந்து ஆரம்பிச்சாரு. முக்கோணத்துல ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா மிச்சத்த கணக்குலயே எடுத்துரலாமில்ல, அத வெச்சு மலைக்கு மலை முக்கோணமா போட்டுக்கிட்டே வடக்கால ஏறுனாங்க, குமரில இருந்து இமயமல அடிவாரம் வரைக்கும் ஏறக்குறைய 2,400 கி.மீ. கோணம் பாக்கற தியோடலைட் அரை டன் எடை. மலை இல்லாத டெல்டாவுல கோயில் மேலதான் ஏத்தணும், 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில் மேல இழுக்கறப்ப கயிறு அறுந்து செவுத்துல மோதி வளைஞ்சே போச்சு, வேற கருவி வர்றதுக்கு காத்திருக்காம லாம்ப்டனே ஒக்காந்து தட்டி நிமுத்தி வேலைய பாத்தாரு. அவரு 1823ல செத்தது ஹிங்கன்காட்ல. நாக்பூருக்கு முன்னாடி வருமே, அதே ஹிங்கன்காட், எங்க வண்டி எத்தனையோ தடவ தாண்டுன ஊரு, கல்லறை அங்கயே இருக்குன்னு எங்க டிரைவர் ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த அளவைலதான் பின்னால 1852ல ராதாநாத் சிக்தார்னு வங்காளக் கணித நிபுணர் 15ம் நம்பர் சிகரம் எல்லாத்தையும் விட ஒசரம்னு கணக்குல கண்டுபுடிச்சாரு, 29,002 அடின்னு அறிவிச்சாங்க. 2020ல ஜிபிஎஸ் வெச்சு அளந்தது 8,848.86 மீட்டர், வித்தியாசம் 30 அடிதான். பேரு மட்டும் லாம்ப்டனுக்கு அப்பறம் அந்த அளவைய நடத்துன ஜார்ஜ் எவரெஸ்டுக்கு போயிருச்சு.

இதையெல்லாம் உருண்டை சொல்லித்தராது, இங்க அங்க படிச்சு சேத்ததுதான், ஆனா படிச்சத கொண்டு வந்து மாட்டறதுக்கு ஒரு ஆணி வேணுமில்ல, அதுக்கு இது ஒதவுது. தாலமிங்கற பழங்கால கிரேக்க அறிஞர் போட்ட கணக்க வெச்சு வரைஞ்ச பழைய மேப்ப போன்ல பாத்துட்டு உருண்டைய பாத்தேன், இலங்கை யானை மாதிரி கிடக்கு, நம்ம தென்னிந்தியாவோட மூக்கையே காணோம், ஆனா காவிரிப்பூம்பட்டினம் கபேரிஸ்ங்கற பேருல இருக்கு. 1154ல சிசிலி ராஜாவுக்காக அல் இத்ரிசி போட்ட மேப்புல தெக்கு மேல இருக்கும். அத ஒப்பிட்டு பாக்க உருண்டைய தலைகீழா திருப்பலாம்னா இந்த ஸ்டாண்டு விடாது.

அதான் பெரிய குறை. ஒரே அச்சுல சுத்தும், மேலயும் கீழயும் புரளாது. அண்டார்டிகா பாக்கணும்னா தரைல மல்லாக்க படுக்கணும், படுத்தாலும் தென் துருவம் இருக்கற எடத்துல நட்டுதான் தெரியும். காசு இருந்தா ரெண்டு பக்கமும் புரளற வளைய ஸ்டாண்டு வாங்குங்க. எழுத்து ரொம்ப பொடிசு, ஐரோப்பா பக்கம் பூதக்கண்ணாடி இல்லாம ஆகாது. லைட் போட்டா வேற கலர்ல நட்சத்திரம் தெரியும்னு போட்டிருந்துச்சு, தெரியறது சைபீரியா மேல நாலு மங்கல் புள்ளி. சித்திரை வெயில்ல ஜன்னல் பக்கம் வெச்சதுல பிரேசில் மேல பேப்பர் கொப்புளம் வந்துருச்சு, அது என் தப்பு. 8 இன்ச் மாடல் பாதி வெலைக்கு கிடைக்குது, வாங்காதீங்க, நூலு வெச்சு அளக்கவும் முடியாது, பேரும் படிக்க முடியாது.

அஞ்சுக்கு மூணரை குடுக்கறேன். அரை மார்க் சுமத்ராவுக்காக கொறச்சது, ஒண்ணு ஸ்டாண்டுக்காக. ஆறு மாசத்துல அடி நட்டு லூசாகி உருண்டை தலையாட்டி பொம்ம மாதிரி ஆடும், எல்லாருக்கும் ஆகுது. எங்க பட்டறைல கேட்டு ஒரு சின்ன ஸ்பிரிங் வாஷர் போட்டேன், அப்பறம் ஆடல, ஆனா ரொம்ப இறுக்கிட்டா சுத்தாது, அரை சுத்து விட்டு முடுக்குங்க.